ஆலங்கிணறு அணி வளர்த்த பாதிக் கேள்வி

ஆலங்கிணறு நகராட்சி மேல்நிலைப் பள்ளியின் வினாடி வினா அணி, பதில் சொல்ல முடியாமல் போன கேள்விகளைப் போட்டி முடிந்ததும் கையோடு ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். எல்லாப் பள்ளிகளுக்கும் இதே விதிதான். யாரிடம் கேட்கப்பட்டதோ அவர்கள் பொறுப்பு. பதில் கிடைக்கும்வரை தங்க இடமும் குடிக்கத் தண்ணீரும் வெயில் படாத ஒரு மூலையும் கொடுக்க வேண்டும். பதில் கிடைத்து அதைக் கேள்வியின் முன்னால் நின்று சொல்லிவிட்டால், கேள்வி எழுந்து வாசல் வழியாகப் போய்விடும். போகிற கேள்வி திரும்பிப் பார்ப்பதில்லை.

கேள்விகள் பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று பள்ளி ஆவணங்களில் எங்கும் எழுதப்படவில்லை. எல்லாரும் பார்த்திருந்ததால் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை.

அணி தொடங்கியது 1968இல். முதல் போட்டிக்குப் போன மூன்று பேரும் ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. மொத்தம் பன்னிரண்டு கேள்விகள். பஸ்ஸில் ஏற்ற கண்டக்டர் மறுத்துவிட்டார். ஏற்கெனவே வேறொரு பள்ளியின் நான்கு கேள்விகள் உள்ளே கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தன. கடைசியில் ஒரு வாழைத்தார் லாரியில் ஏறி வந்து சேர்ந்தார்கள். லாரி கடைத்தெருவுக்குள் நுழைந்தபோது, இத்தனை கேள்விகளோடு வருகிறார்களே, பெரிய அணியாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை அப்புறம் குறையவே இல்லை.

பன்னிரண்டில் ஒன்பதை ஒரே வாரத்தில் நூலகத்தில் பதில் தேடி அனுப்பிவைத்தார்கள். பத்தாவதற்குப் பதில் வந்தது 1981இல். முதல் அணியில் இருந்த ஒருவர் அப்போது மஸ்கட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஏர்மெயில் உறையில் ஒரே ஒரு வரியில் பதிலை எழுதி, அதன் கீழே ‘தாமதத்துக்கு மன்னிக்கவும்’ என்று எழுதியிருந்தார். கேள்வி இரண்டு வரிகளையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனது.

1993 ஜூன் மாதம் குழல்வாய்மொழி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, பள்ளியில் பதினோரு கேள்விகள் மிச்சம் இருந்தன; ஒன்றைத் தவிர மற்றவை என்.சி.சி. சாமான்கள் வைத்திருந்த அறையில் தங்கியிருந்தன. எதுவும் சுலபத்தில் போகக்கூடியது அல்ல. தமிழ்நாட்டின் மக்கள்தொகை எவ்வளவு என்பது அவற்றில் ஒன்று. யாராவது சரியான எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் எங்காவது ஒரு குழந்தை பிறந்துவிடும். பாதி எழுந்த கேள்வி மறுபடியும் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, போட்டி நடத்தியவர் ஒருமுறை கண்ணாடியைத் தேடிக்கொண்டே, “நான் என்ன கேக்க வந்தேன்?” என்று மைக்கில் சொன்னது. அணியைப் பார்த்துச் சொன்னதால் அதுவும் கணக்கில் சேர்ந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பள்ளிக்குப் பிரியமானது முதமுதல் என்கிற பாதிக் கேள்வி.

1974 மாவட்டப் போட்டியில் சிதம்பரதாணு என்பவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஆலங்கிணறு அணியின் முறை வந்தபோது மைக்கைப் பிடித்து, “இந்தியாவிலேயே முதன்முதலில்” என்று ஆரம்பித்தார். கரண்ட் போய்விட்டது. திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அணிக்குக் கொடுக்கப்பட்ட முப்பது விநாடி அதற்குள் எத்தனையோ தடவை முடிந்திருந்ததால், அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பாதிக் கேள்வி ஆலங்கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காரும். மற்ற கேள்விகளோடு அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், வந்த இரண்டாம் மாதமே பதினொன்று ‘பி’ வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்தொன்பது வருஷமாக அதே இடம். ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை என்பதால் வருகைப் பதிவேட்டில் அதன் பெயரை முதலில் எழுதுவார்கள்.

அணிப் பொறுப்பாளர் எபனேசர் சார் வரலாறு பாடம் எடுப்பவர். மீதிக் கேள்வியைக் கேட்டு அவர் சிதம்பரதாணுவுக்குக் கடிதம் போட்டார். போட்டியில் விட்டதைப் போட்டியில்தான் தொடர முடியும் என்றும், தன்னை இப்போது யாரும் போட்டிக்குக் கூப்பிடுவதில்லை என்றும், மீதி தன் தொண்டையிலேயே இருப்பதாகவும், சாப்பிடும்போது மட்டும் கொஞ்சம் சிரமம், மற்றபடி நலம் என்றும் பதில் வந்தது.

அதனால் ஒவ்வொரு வருஷத்து அணியும் மீதியை ஊகித்துப் பார்த்தது. முதல் பெண் டாக்டரா, முதல் சினிமாக் கொட்டகையா, முதல் தபால் பெட்டியா? படிப்பை முடித்துப் போகிறவர்கள் தங்கள் ஊகத்தைச் சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். 1979இல் அணித் தலைவராக இருந்தவர் போபாலில் வங்கி வேலையில் இருந்தார். பொங்கல் வாழ்த்து அட்டையில் வருஷத்துக்கு ஒரு ஊகம் அனுப்புவார். எதைப் படித்துக் காட்டினாலும் முதமுதல் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு மெதுவாக இருமும். அதற்கே தன் மீதி தெரியாது.

குழல்வாய்மொழி பதினொன்று ‘பி’க்குள் நுழைந்த முதல் நாள், கடைசி பெஞ்சில் மட்டும்தான் இடம் இருந்தது. உட்கார்ந்து ஐந்து நிமிஷம் கழித்து, “நான் கோமதிநாயகம் மக,” என்றாள்.

முதமுதல் அவளைப் பார்த்தது.

“லைன்மேன் கோமதிநாயகம். அன்னைக்கு கரண்டு பீஸைப் புடுங்குனது எங்கப்பாதான். ஒங்கிட்ட முன்னாடியே சொல்லிரணும்னு தோணுச்சு.”

முதமுதல் கொஞ்சம் நகர்ந்து, ஜன்னல் பக்கத்து இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்தது.

அது நிஜம்தான். 1974இல் கோமதிநாயகம் மின்வாரியத்தில் புதிதாகச் சேர்ந்து மாவட்டத் தலைநகரில் வேலை பார்த்தார். கம்பியில் ஒரு பட்டம் மாட்டிக்கொள்ள, அதை எடுக்க லைனை நிறுத்தினார். பின்னால் ஆலங்கிணற்றுக்கே மாற்றலாகி வந்த பிறகுதான் தான் எதை நிறுத்தினோம் என்று அவருக்குத் தெரிந்தது. வெட்கப்பட்டுக்கொண்டு பள்ளிப் பக்கமே வரமாட்டார். அங்கே கரண்ட் கம்பியில் கோளாறு என்றால்கூட வேறு ஆளை அனுப்புவார். ஆனால் மகள் அந்த வகுப்பில் சேர்ந்த நாள் முதல், வெள்ளிக்கிழமை தோறும் டிபன் பாக்ஸில் முதமுதலுக்கென்று ஒரு தட்டு இட்லி கூடுதலாக வைக்கச் சொல்லுவார்.

அந்த வருஷத்து அணிக்குக் குழல்வாய்மொழி தலைவியானாள். மற்ற இருவரும் அவள் வகுப்புதான். செய்யது மசூதுக்கு எண்கள் மறக்காது. எந்தப் போர் எந்தக் கிழமை ஆரம்பித்தது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். இசக்கிராஜ் வகுப்பிலேயே உயரமானவன். ஆறுகள், மலைகள், தலைநகரங்கள் அவன் பொறுப்பு. நைல் நதி கடலில் சேருகிற இடத்தைப் படிக்கும்போது அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

ஜூலை மாதம் சுற்றறிக்கை வந்தது. மாநிலப் போட்டியில் ஒரு முறையாவது வெல்லாத பள்ளிகள், தங்களிடமுள்ள கேள்விகள் அனைத்தையும் வரும் ஜனவரி மாதக் கடைசிக்குள் மாவட்டக் கேள்விக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டும். ஆலங்கிணறு அணி இருபத்தைந்து வருஷத்தில் மாவட்டத்திலேயே ஒரு தடவைதான் மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தது.

தலைமையாசிரியை ரோஸ்லின் அம்மா எபனேசர் சாரைக் கிடங்கைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அவர் காலையில் போய் மத்தியானம் திரும்பினார். மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

“எப்படி இருக்கு சார்?” என்று குழல்வாய்மொழி கேட்டாள்.

“சுத்தமா இருக்கு. அதுல குறை சொல்ல முடியாது.”

“அப்பறம்?”

“ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வச்சிருக்காங்க. மேல இருக்கது பரவாயில்ல. அடியில இருக்கத யாரும் கேக்கதே இல்லையா, தட்டையாயிட்டு.” அவர் மேஜை மேல் கையை வைத்து, எவ்வளவு தட்டை என்று காட்டினார்.

இசக்கிராஜ் எழுந்து வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தான். மசூது காலண்டரைப் பார்த்தான். “நூத்தித் தொண்ணூத்தெட்டு நாள் இருக்கு,” என்றான்.

அன்று முதல் படித்தார்கள். காலையில் ஏழு மணிக்குப் பள்ளிக்கு வந்துவிடுவார்கள். சத்துணவுக் கூடத்தின் பின்னால் மூன்று நாற்காலிகளைப் போட்டு, எதிரே முதமுதலை உட்கார வைத்துப் படிப்பார்கள். அறையில் இருந்த மற்ற கேள்விகளும் உதவி செய்தன. மக்கள்தொகைக் கேள்வி அவர்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது. ‘நான் என்ன கேக்க வந்தேன்’ எதிர்பாராத நேரத்தில் வந்து பக்கத்தில் நிற்கும். அதற்குப் பயந்து அவர்கள் எப்போதும் தயாராக இருந்தார்கள். குழல்வாய்மொழி பொது அறிவுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் முதமுதலுக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் வாசிப்பாள். அதற்கும் அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்று அவளுக்குப் பட்டது. தன்னைப் பற்றி இல்லாத விஷயங்களைக்கூட அது முகம் கோணாமல் கேட்கும்.

மாவட்டத்தில் இரண்டாம் இடம் கிடைத்தது. முதல் இரண்டு அணிகள் மாநிலப் போட்டிக்குப் போகலாம். போட்டி ஜனவரி இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை, மதுரையில்.

முதமுதலை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே எழவில்லை. குழல்வாய்மொழி பள்ளியில் இல்லாத நாட்களில் அது கேட் அருகே வந்து நின்று, போகிற வருகிறவர்களிடம் “இந்தியாவிலேயே முதன்முதலில்” என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு சொல்ல ஒன்றும் இல்லாமல் நிற்கும். ஜனங்கள் மீதிக்காகக் காத்து நின்று வேலைக்குப் போகத் தாமதமானது. பஞ்சாயத்து யூனியன் அலுவலகத்திலிருந்து ஒரு முறை கடிதமே வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு கோமதிநாயகம் வந்தார். சீருடையில் வந்திருந்தார். மகளிடம் ஒரு முறுக்குப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முதமுதலின் முன்னால் பிளாட்பாரத்தில் நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பட்டம் ஒண்ணு மாட்டிக்கிட்டு,” என்றார். “அதான் லைன நிறுத்தினேன். உள்ள போட்டி நடக்கது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அஞ்சு நிமிசம் பொறுத்து நிறுத்தியிருப்பேன்.”

முதமுதல் தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு, “இந்தியாவிலேயே முதன்முதலில்,” என்றது. அதனால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

“சரி,” என்றார் கோமதிநாயகம். இரண்டு தடவை தலையை ஆட்டினார். வண்டி கிளம்பிய பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு நகராததைக் குழல்வாய்மொழி பார்த்தாள்.

முதமுதலுக்கு ரயில் ஒத்துக்கொள்ளவில்லை. கோவில்பட்டி தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. இசக்கிராஜ் தன் தோளில் அதைச் சாய்த்துக்கொண்டான். மதுரை வரைக்கும் அப்படியே தூங்கியது.

போட்டி நடந்த மண்டபத்தில் மேடையில் நான்கு மேஜைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மேஜைக்கும் பின்னால், அணிகள் கூட்டிவந்த கேள்விகள் உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கோயம்புத்தூர்ப் பக்கத்து அணி டை கட்டிக்கொண்டு வந்திருந்தது. அவர்களிடம் கேள்வி ஒன்றுகூட மிச்சமில்லை, நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்த அணியின் தலைவன் இடைவேளையில் வந்து, முதமுதலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கடிக்குமா?” என்று கேட்டான். கடிக்காது என்று மசூது சொன்னதும், அதன் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கேள்வி கேட்க வேண்டியவர் அன்று வரவில்லை. வீட்டில் அவருடைய மகள் அவரிடம் ஏதோ கேட்டிருக்கிறாள், பதில் சொல்லாமல் அவரால் வாசற்படியைத் தாண்ட முடியவில்லை என்று அறிவித்தார்கள். அவருக்குப் பதிலாக நாகர்கோவிலிலிருந்து ஒரு பெரியவரை அவசரமாக வரவழைத்திருந்தார்கள். வேட்டி, முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஒரு மப்ளர். பேச ஆரம்பித்ததும் குரல் கரகரத்தது. அடிக்கடி தொண்டையைச் செருமிக்கொண்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு கேள்விகளைப் படித்தார். அவர்தான் சிதம்பரதாணு. எபனேசர் சார் பார்வையாளர் வரிசையில் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

சிதம்பரதாணுவுக்குக் கண் பார்வை அத்தனை தெளிவில்லை. அட்டைகளைத்தான் பார்த்தார், அணிகளைப் பார்க்கவில்லை. ஒன்பது சுற்றுகள் முடிந்தன. மசூது மூன்று போர்களையும் ஒரு பஞ்சத்தையும் சொன்னான். இசக்கிராஜ் எரித்திரியாவின் தலைநகரைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். குழல்வாய்மொழி தனக்குத் தெரியும் என்று தனக்கே தெரியாத இரண்டு பதில்களைச் சொன்னாள். கடைசிக் கேள்விக்கு வந்தபோது கோயம்புத்தூர் அணி ஐந்து மதிப்பெண் முன்னால் இருந்தது. மிச்சமிருந்த ஒரே கேள்வி ஆலங்கிணற்றுக்கு. சொன்னால் பத்து.

சிதம்பரதாணு கடைசி அட்டையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, யாருடைய முறை என்று நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

“அட,” என்றார். “இது என்னோடதுல்லா.”

அட்டையைக் கவிழ்த்து வைத்தார். மப்ளரை அவிழ்த்தார். மண்டபத்து விளக்குகளை அண்ணாந்து பார்த்து, “கரண்டு வந்துட்டு,” என்றார். நடுவர்கள் மூவரும் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுத் தலையசைத்தார்கள். அவர் தண்ணீர் குடிக்காமல், தொண்டையைச் செருமாமல், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய மூச்சிலிருந்து அப்படியே தொடர்ந்தார்:

“பயணிகள் ரயில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு ஓடியது?”

முதமுதல் எழுந்து நின்றது. குட்டைக் கால் மற்றதோடு சரியாகிவிட்டது. அது இவ்வளவு உயரம் என்று அவர்களுக்கு அதுவரை தெரியாது; இசக்கிராஜின் காது வரைக்கும் வந்தது.

முப்பது விநாடி ஓட ஆரம்பித்தது.

மூன்று பேருக்கும் பதில் தெரியும். மண்டபத்தில் எல்லாருக்குமே தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஆலங்கிணற்றுச் சுவரில்கூட 1977இல் யாரோ கரிக்கட்டியால் ‘ரயிலா?’ என்று எழுதி வைத்துத்தான் இருந்தார்கள்.

இசக்கிராஜ் குனிந்து குழல்வாய்மொழியிடம் சொன்னான். “மொழி, தெரியலன்னு சொல்லிருவோம்.”

“என்னலே சொல்லுத?”

“தெரியலன்னு சொல்லிட்டாக் கூட்டிட்டுப் போயிரலாம்லா. முழுசா. இப்பத்தான் முழுசாச்சு, அதுக்குள்ள அனுப்பணுமா?”

“பெறகு கிடங்குலல்லா வைப்பாங்க,” என்றான் மசூது. “இதையும் சேத்து. மத்த பத்தையும். இருபது விநாடி இருக்கு.”

“ஒளிச்சு வச்சிருவோம்.”

“எங்கலே ஒளிக்க? பதினேழு.”

குழல்வாய்மொழி திரும்பி முதமுதலைப் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அவள் தலை வலிக்கிறது என்று சொன்ன நாளில் ஜன்னல் கதவைச் சாத்தியது. எந்த ஊகத்தைச் சொன்னாலும் மனசு நோகாதபடி இருமியது. இப்போது அது இருமவில்லை. தலையைச் சாய்க்கவும் இல்லை. நேராக நின்று அவளையே பார்த்தது. எல்லாக் கேள்விகளும் பார்க்கிற மாதிரி, ஒரே ஒன்றை மட்டும் வேண்டிப் பார்த்தது. ஊர் முழுக்கச் சேர்ந்து இத்தனை வருஷம் அதற்கு எத்தனையோ கொடுத்திருந்தது: இட்லி, ஜன்னலோரம், வருகைப் பதிவேட்டில் முதல் இடம். இது ஒன்றைத்தான் யாராலும் கொடுக்க முடியாமல் இருந்தது. கொடுக்கக்கூடிய ஆள் இப்போது அவள்தான்.

“ஒம்பது,” என்றான் மசூது.

அவள் எழுந்தாள். மைக்கை எடுக்கவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் முதமுதலின் முன்னால் நின்றாள். பயணத்தில் அதன் மேல் ஒட்டியிருந்த முறுக்குத் துணுக்கு ஒன்றை எடுத்துவிட்டாள்.

“பம்பாயிலருந்து,” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். அதற்கு மேல் நிறுத்தக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. “தாணேக்கு.”

முதமுதல் அதைக் கேட்டது. முழுதாகக் கேட்டது. பிறகு ஒரு மூச்சு விட்டது. நீளமான மூச்சு, முதல் வரிசையில் இருந்தவர்களின் நோட்டுப் புத்தகத் தாள்கள் புரண்டன.

அது படியிறங்கி, நடுப்பாதை வழியாக வாசலை நோக்கிப் போனது. முதல் இரண்டு அடி பழக்கத்தில் நொண்டியது. மூன்றாவது அடியில் ஞாபகம் வந்து நேராக நடந்தது. வாசல் காவலாளி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கேள்விகள் திரும்பிப் பார்ப்பதில்லை, அதுவும் பார்க்கவில்லை. வெளியே வெயிலில் அதன் நிழல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் விழுந்ததை மூன்று பேரும் மேடையிலிருந்து பார்த்தார்கள்.

“சரியான விடை,” என்றார் சிதம்பரதாணு. குரல் கணீரென்று இருந்தது. அவரே அதைக் கேட்டுத் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இசக்கிராஜ் மறைக்காமல் அழுதான். மசூது அவனுக்குத் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு, கொடுத்த பிறகு தனக்கும் வேண்டியிருந்ததால் சட்டைக் கையை உபயோகித்துக்கொண்டான். கோயம்புத்தூர் அணியின் தலைவன் வந்து மூன்று பேருக்கும் கை கொடுத்தான். கேடயத்தை வாங்கும்போது குழல்வாய்மொழிக்கு அது எவ்வளவு கனம் என்றுகூட உறைக்கவில்லை.

சிதம்பரதாணு மேடைக்குப் பின்னால் ஒரு தட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்காவது வடை.

“நல்ல கேள்வில்லா மக்ளே?” என்றார் அவளைப் பார்த்ததும்.

“ஆமாய்யா.”

“நான் சாதாரணமாத்தான் கேக்க ஆரம்பிச்சேன். லேசான கேள்வி. முதல் சுத்துல பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும்னு வைக்கது.” இன்னொரு வடையை எடுத்தார். “நீங்க அத என்னமோ மாதிரி வளத்திருக்கீங்க. நான் கேட்டதுதான்னு நம்ப முடியல.”

எபனேசர் சார் மண்டபத்துக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பள்ளிக்குப் போன் போட்டார். மூன்று பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். அவர் சொன்னது அவர்களுக்குக் கேட்டது.

“ஜெயிச்சிட்டோம், மேடம். ஆமா. பத்தையும் நம்மளே வச்சிக்கிடலாம், சர்டிபிகேட்ல எழுதிக் கொடுத்துட்டாங்க.” பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “ஆமா மேடம். போயிட்டு.” மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தார். “சாப்பிட்டுட்டுத்தான் போச்சு. காலையில பொங்கல்.”

போனை வைத்துவிட்டு அவர் உடனே வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலேயே எபனேசர் சாரின் தங்கை வீட்டில் தங்கினார்கள். திங்கட்கிழமை காலை ரயிலில் முதமுதலையும் சேர்த்து முன்பே ஐந்து பேருக்கு இடம் போட்டிருந்தது. கூட்டம் நெரிந்தது. ஆனாலும் ஜன்னலோர இடத்தில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்த ஒரு அம்மாள், “ஆள் வருதா?” என்று கேட்டுவிட்டு, குழல்வாய்மொழியின் முகத்தைப் பார்த்து, “சரி சரி, இருக்கட்டும்,” என்று தன் பையை மட்டும் அந்த இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டார். விருதுநகர் தாண்டியதும் குழல்வாய்மொழி தூங்கிவிட்டாள். விழித்தபோது இசக்கிராஜின் தோளில் சாய்ந்திருந்தாள். அவன் தோளை அசைக்காமல் வைத்திருந்தான்.

ஜங்ஷனிலிருந்து பஸ் ஏறி, பகல் ஒன்றேமுக்காலுக்கு ஆலங்கிணறு வந்து சேர்ந்தார்கள். பஸ் வளைவில் திரும்பும்போதே, “பள்ளிக்கூடமே வந்திருக்கு,” என்றான் மசூது.

வந்திருந்தது. அணியை வரவேற்கப் பள்ளியின் இரண்டு மாடிக் கட்டிடமே பஸ் நிலையத்தில் டீக்கடைக்கும் டைம் கீப்பர் அறைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தது. சுற்றுச்சுவரை விட்டுவிட்டு வந்திருந்தது. கொடிக் கம்பத்தைக் கொண்டுவந்திருந்தது. வராந்தாவில் இடிக்காமல் இருக்க டிரைவர் பஸ்ஸை இரண்டடி பின்னால் எடுத்து நிறுத்தினார். வாசலில் ரோஸ்லின் அம்மா மாலையோடு நின்றார். கட்டிடம் கடைத்தெரு வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஒரு ஜவுளிக்கடைத் தோரணம் மாட்டியிருந்தது. கோமதிநாயகம் ஒரு ஏணியில் நின்று, பஸ் நிலையத்துக் கம்பத்திலிருந்து எல்லா வகுப்புகளுக்கும் கரண்ட் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினார்.

மாலை போட்டு முடிவதற்குள் ஆறாவது பீரியட் மணி அடித்துவிட்டது. கட்டிடம் அவசரத்தில் மாடிப்படியை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. கோமதிநாயகம் வேலையை முடித்து ஏணியைச் சாய்த்துக் கொடுக்க, பதினொன்று ‘பி’க்காரர்கள் ஒவ்வொருவராக மேலே ஏறினார்கள். குழல்வாய்மொழி கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். கீழே பாபநாசம் பஸ் ஹாரன் அடித்தது. அந்த பீரியட் எடுக்க வேண்டிய கணக்கு வாத்தியார் இன்னும் பழைய இடத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.